வீட்டுக்குள் நிற்கும் ஃபைக்கஸ் மரத்துக்கு எத்தனை மணி நேரம் வெயில் வேண்டும்?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம் புது வீடு. திருச்சூர் பக்கம் மண்ணுத்தி நர்சரியில் ஐந்தடி உயரத்துக்கு ஒரு ஃபைக்கஸ் பெஞ்சமினா (ஆல், அரசு வகையைச் சேர்ந்த அலங்கார மரம்) வாங்கி வந்து, ஹாலில் டிவிக்குப் பக்கத்து மூலையில் வைத்தீர்கள். மூன்று வாரமாகக் காலையில் கூட்டினால் ஒரு கை இலை விழுந்து கிடக்கிறது. வெயில் போதவில்லை என்று யாரோ சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மொட்டைமாடியில் வைத்தீர்கள். மேல் இலைகள் வெளுத்துக் காய்ந்து போயின. இனி ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வெயில் காட்டுவது, வாரத்தில் ஒரு நாள் வெளியில் வைத்தால் போதுமா என்று கேட்கிறீர்கள். கூடவே, தெற்கு ஜன்னல்தான் நல்லது என்று படித்ததாகவும், உங்கள் ஹாலில் கிழக்கிலும் வடக்கிலும்தான் ஜன்னல் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

மணிக்கணக்கு கேட்பது இயல்புதான். ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு இரண்டு விஷயங்கள். இந்த வீட்டுக்குள் எந்த இடத்தில் இந்த மரம் நாள் முழுக்க, வருஷம் முழுக்க வாழ முடியும் என்பது ஒன்று. அந்த இடத்துக்கு அதை எவ்வளவு மெதுவாகக் கொண்டுபோவது என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இலை கொட்டுகிற ஃபைக்கஸ்களில் நான் பார்த்த பெரும்பாலானவை வெளிச்சம் திடீரென்று மாறியதால் கொட்டியவை.

நான் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலை படித்தவன். அதன்பிறகு தமிழக-கேரள எல்லையின் இரண்டு பக்கமும், பொள்ளாச்சியில் இருந்து பாலக்காடு வரை, வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உட்புறச் செடிகள் வைத்துப் பராமரிப்பதே தொழில். கீழே சொல்வதில் வெளிச்சத்தைப் பற்றியும் சூரியனின் போக்கைப் பற்றியும் உள்ளதை உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் தொட்டிக்குள் வேர் என்ன நிலையில் இருக்கிறது என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும், எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் சிக்கல் நம் கண். வெளியில் இருந்து உள்ளே வந்த ஒரு நிமிஷத்தில் கண் பழகிவிடுகிறது. ஹால் நல்ல வெளிச்சமாகத்தான் தெரிகிறது. அளந்து பார்த்தால் கதை வேறு. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். தெளிவான நாளில் உச்சிவெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். மேகம் மூடிய நாளில் வெளியில் 10,000 முதல் 20,000 வரை இருக்கும். நல்ல கருமேகம் என்றால் சில ஆயிரம்தான். ஜன்னலை ஒட்டி, நேர் வெயில் படாத இடத்தில் 2,000 முதல் 5,000 வரை கிடைக்கலாம். அங்கிருந்து ஆறேழு அடி உள்ளே போனால் சில நூறுக்கு இறங்கிவிடும். டிவி மூலை மாதிரியான இடங்களில் ஐம்பது, நூறு என்றுதான் மீட்டர் காட்டும். அதாவது உங்கள் மரம் வெளியில் அனுபவித்த வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அந்த மூலையில் இல்லை. நமக்கு அங்கே பேப்பர் படிக்க முடிகிறது, மரத்துக்குச் சமைக்க முடியவில்லை. ஃபைக்கஸ் பெஞ்சமினா உள்ளே உயிரோடு நிலைத்து நிற்க ஆயிரம் லக்ஸ் அளவிலாவது தினம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும் என்பதுதான் நான் வைத்திருக்கும் கணக்கு. துளிர் விட்டு வளர வேண்டுமென்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு.

இலை ஏன் கொட்டுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. வெயிலில் வளர்ந்த மரத்தின் இலையும் நிழலில் வளர்ந்த மரத்தின் இலையும் ஒன்றல்ல. வெயிலிலை சிறியது, தடித்தது, சற்று நிமிர்ந்து நிற்கும். நிறைய வெளிச்சத்தைப் பயன்படுத்துகிற மாதிரி கட்டப்பட்டது, அதற்கேற்ப அதன் அன்றாடச் செலவும் அதிகம். நிழலிலை அகலமானது, மெல்லியது, கரும்பச்சை, கிடைமட்டமாக விரிந்திருக்கும், செலவு குறைவு. வெயிலிலையைக் கொண்டுபோய் மூலையில் வைத்தால் அது தயாரிப்பதைவிடத் தின்பது அதிகமாகிவிடுகிறது. மரம் அந்த இலையைக் கழற்றிவிடுகிறது. இது நோய் அல்ல. கழற்றிவிட்டு, புது இடத்துக்கு ஏற்ற நிழலிலைகளைப் போட முயல்கிறது. அதற்குக் குறைந்தபட்ச வெளிச்சமாவது அங்கே இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி நிறையும். இல்லாவிட்டால் குச்சிதான் மிஞ்சும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், அப்போப்கா என்ற ஊரில் உள்ள பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தில் 1970-களிலேயே இதை முறையாகச் சோதித்தார்கள். வீட்டுக்குள் கொண்டுபோவதற்கு முன் நிழலில் வைத்துப் பழக்கிய ஃபைக்கஸ் மிகக் குறைவாகவே இலை உதிர்த்தது. முழு வெயிலில் இருந்து நேராக உள்ளே போனது கொத்துக் கொத்தாக உதிர்த்தது. இன்றைக்கு உலகமெங்கும் உட்புற மரங்களை விற்பதற்கு முன் நிழல்வலைக்குள் பழக்குவது இதில் இருந்து வந்த நடைமுறைதான். நம் பக்கம் எல்லோரும் அதைச் செய்வதில்லை. மண்ணுத்தியிலும் பொள்ளாச்சியிலும் விற்கிற மரங்களில் ஒரு பகுதி ஆந்திராவின் ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்தில் இருந்து லாரியில் வருகிறது. திறந்த வயலில், முழு வெயிலில் வளர்ந்தவை நிறைய. இறக்கிய மறுநாளே விற்பனையாகிவிட்டால் அந்த மரம் பச்சை நெட்டைக் கண்ணாலும் பார்த்திருக்காது. அடுத்த முறை வாங்கும்போது விலை கேட்பதற்கு முன் "இது எத்தனை நாளா நெட்டுக்குள்ள இருக்கு?" என்று கேளுங்கள். ஒரு மாதமாவது இருந்ததை எடுங்கள். பார்த்தே ஓரளவு சொல்லலாம்: இலை சிறுத்து, மஞ்சள் கலந்த பச்சையாக, மினுங்கலாக இருந்தால் வெயிலில் நின்றது, அகலமாக, அடர்பச்சையாக, சற்றுத் தொங்கலாக இருந்தால் நிழலில் நின்றது.

மொட்டைமாடியில் நடந்தது இதன் மறுபக்கம். மூன்று வாரம் மூலையில் இருந்த இலைகள் குறைந்த வெளிச்சத்துக்கு இறங்கி வந்திருந்தன. அவற்றின் மேல் ஒரு லட்சம் லக்ஸ் விழுந்தால் வாங்கிய வெளிச்சத்தைச் செலவழிக்க வழியில்லாமல் பச்சையம் சிதைகிறது. வைக்கோல் நிறத்தில், தாள் மாதிரிக் காய்ந்த திட்டுகள் தெரியும். வானத்தைப் பார்த்த இலையின் மேல்முகத்தில்தான் இருக்கும், அதற்கு அடியில் மறைந்திருந்த இலை பச்சையாகவே இருக்கும். ஒரு வெளுத்த இலையைத் தூக்கிப் பாருங்கள். அதன்மேல் வேறொரு இலை படிந்திருந்த இடம் மட்டும் நிழலாக அச்சுக் குத்தியதுபோல் பச்சையாக இருந்தால் அது வெயில் காயம்தான், சந்தேகமே வேண்டாம். வெளுத்த திட்டு மறுபடி பச்சையாகாது. பாதிக்கு மேல் பச்சை இருக்கிற இலைகளைப் பிய்க்காமல் விடுங்கள், அவை இன்னும் வேலை செய்கின்றன.

இதைச் சொன்னால் சிலர் ஃபைக்கஸுக்கு நேர் வெயிலே ஆகாது என்று முடிவுகட்டி விடுகிறார்கள். அப்படி இல்லை. கல்லூரி வளாகங்களிலும் காம்பவுண்ட் ஓரங்களிலும் உச்சிவெயிலில் கம்பீரமாக நிற்கிற ஃபைக்கஸ் மரங்களை இரண்டு மாநிலத்திலும் பார்த்திருப்பீர்கள். அதே இனம்தான். அவை அங்கேயே பிறந்து, வெயிலிலைகளோடு வளர்ந்தவை.

வாரம் ஒரு நாள் வெளியில் வைப்பது போதுமா என்றால், போதாது, கெடுதலும் கூட. ஆறு நாள் பட்டினி போட்டுவிட்டு ஏழாம் நாள் ஒரு வாரச் சோற்றையும் ஒரே இலையில் கொட்டுவது போன்றது அது. நிழலுக்குப் பழகிய இலை முழு வெயிலில் ஒரு சிறு பங்கைக் கொண்டே நிறைந்துவிடும். அதற்கு மேல் வருவதைச் சேர்த்து வைக்க அதனால் முடியாது, மிச்சம் காயமாகத்தான் போகும். வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே மாதிரி இரண்டு மரம் வாங்கி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று ஹாலில், ஒன்று திண்ணை நிழலில். அலுவலகங்களுக்கு நாங்கள் செய்வது இதைத்தான். திண்ணை நிழல் என்று நான் சொல்வதைக் கவனியுங்கள், மொட்டைமாடி இல்லை.

இப்போது ஜன்னலுக்கு வருவோம். இதில் இணையத்தில் கிடைக்கிற பெரும்பாலான ஆலோசனை நம் ஊருக்குப் பொருந்தாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தெற்கு ஜன்னல் சிறந்தது என்பது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சரி. அங்கே வருஷம் முழுக்கச் சூரியன் தெற்குச் சரிவில்தான் போகிறது, அதுவும் தாழ்வாக. நம் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதி நிலநடுக்கோட்டில் இருந்து பத்தே முக்கால் டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் 25-ஐ ஒட்டி ஒருமுறையும் சூரியன் உச்சிவேளையில் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த இரண்டு தேதிக்கும் நடுவில், அதாவது ஏறக்குறைய நான்கு மாதம், உச்சிச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம். மிச்ச எட்டு மாதம் தெற்குப் பக்கம். ஆகவே உங்கள் வடக்கு ஜன்னலில் மே, ஜூன், ஜூலை மாதங்களில் காலையிலும் மாலையிலும் சாய்வாக நேர் வெயில் வரும். டிசம்பரில் ஒரு சொட்டும் வராது, வான வெளிச்சம் மட்டும்தான்.

உயரத்தையும் பாருங்கள். ஜூன் 21-இல் உச்சிச் சூரியன் அடிவானத்தில் இருந்து 77 டிகிரி உயரத்தில், வடக்கில். டிசம்பர் 21-இல் 56 டிகிரி, தெற்கில். நம் வீடுகளில் ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேடு இருக்கும். தரையில் இருந்து ஏழடி உயரத்தில் அந்த சன்ஷேடு இருந்தால், டிசம்பரின் தாழ்ந்த சூரியன்கூட உச்சிவேளையில் தெற்கு ஜன்னல் வழியாக இரண்டு இரண்டரை அடிக்கு மேல் உள்ளே எட்டாது. ஜூனில் வடக்கு ஜன்னலில் உச்சிவெயில் கண்ணாடியைத் தொடவே தொடாது, சன்ஷேடு முழுதாக மறைத்துவிடும். ஓட்டு வீட்டின் நீண்ட தாழ்வாரம் என்றால் இன்னும் குறைவு. வெக்கை உள்ளே வரக் கூடாது என்று கட்டிய வீடுகள் இவை, அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் ஹாலுக்குள் ஆழமாக வெயில் வருவது இந்த ஊரில் கிழக்கு, மேற்கு ஜன்னல்கள் வழியாக மட்டும்தான், சூரியன் தாழ்ந்திருக்கிற நேரத்தில். அதனால் தெற்கில் ஜன்னல் இல்லையே என்று நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. உங்கள் கிழக்கு ஜன்னல் அதைவிட நல்லது.

கிழக்கா மேற்கா என்றால் கிழக்கைத்தான் எப்போதும் சொல்வேன். விழுகிற வெளிச்சத்தின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். காலை எட்டு மணிக்குக் காற்று குளிர்ச்சியாக, ஈரமாக இருக்கிறது. இலை இரவெல்லாம் நீரை ஏற்றி நிறைவாக நிற்கிறது. மாலை மூன்றரைக்கு மேற்குச் சுவரும் கண்ணாடியும் காய்ந்து போயிருக்கும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர் இது. மேற்கு ஜன்னலில்தான் வைக்க முடியும் என்றால் அந்த இரண்டு மாதம் மட்டும் ஒரு மெல்லிய வெள்ளைத் திரை போட்டுவிடுங்கள், அல்லது மூன்றடி உள்ளே நகர்த்துங்கள்.

திசை மட்டும் போதாது. ஜன்னலுக்கு வெளியே என்ன நிற்கிறது என்பதும் கணக்கு. கிழக்கில் ஒரு பலாமரம் அடர்ந்து நின்றால் அது கிழக்கு ஜன்னலே இல்லை. தென்னை பரவாயில்லை, கீற்று வழியாக விட்டுவிட்டு வெளிச்சம் வரும். சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தில் நூற்றில் பத்துப் பதினைந்து பங்கைத்தான் குறைக்கும். கூலிங் ஃபிலிம் ஒட்டியிருந்தால் பாதிக்கு மேல் போய்விடும். கொசுவலையும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும், அதிலும் தூசி படிந்த வலை. வலையைக் கழுவினாலே மரத்துக்கு வித்தியாசம் தெரியும்.

மீட்டர் இல்லாமல் ஓர் இடத்தைச் சோதிக்க நான் செய்வது இது. மரத்தை வைக்க நினைக்கும் இடத்தில், அதன் நடு இலைகள் இருக்கப்போகிற உயரத்தில், உங்கள் கண்ணை வைத்துப் பாருங்கள். ஸ்டூலில் ஏறவோ குந்தவோ வேண்டியிருந்தால் செய்யுங்கள். ஜன்னல் வழியாக வானம் எவ்வளவு தெரிகிறது? பக்கத்து வீட்டுச் சுவர் அல்ல, மரம் அல்ல, வானம். ஒரு துண்டும் தெரியவில்லையென்றால் அங்கே ஃபைக்கஸ் வாழாது. ஜன்னலில் பாதிக்கு மேல் வானமாகத் தெரிந்தால் நல்ல இடம். டிவி மூலையில் போய் இதைச் செய்து பாருங்கள்; அநேகமாகச் சன்ஷேடின் அடிப்பக்கமும் காம்பவுண்ட் சுவரும்தான் தெரியும். இன்னொன்று, காலை பத்து மணிக்கு ஒரு வெள்ளைத்தாளை அங்கே பிடித்து, அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் பிரிந்து தெரிகிற கூர்மையான நிழல் விழுந்தால் வெளிச்சம் தாராளம். ஓரம் மங்கிய, ஆனால் கை என்று தெரிகிற நிழல் என்றால் ஃபைக்கஸுக்கு ஏற்றது. நிழலே தெரியவில்லையென்றால் அங்கே வேறு எதையாவது வையுங்கள். போனில் லக்ஸ் அளக்கும் ஆப்பும் உதவும். ஒவ்வொரு போனும் ஒவ்வொரு எண் சொல்லும் என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்பாமல், ஒரே போனை வைத்து இந்த இடத்தையும் அந்த இடத்தையும் ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

சரி, உங்கள் மரத்துக்கு என்ன செய்வது? இன்றே மூலையில் இருந்து எடுத்துக் கிழக்கு ஜன்னலில் இருந்து ஐந்தாறு அடி உள்ளே வையுங்கள். ஒரு வாரம் கழித்து நாலடிக்கு நகர்த்துங்கள். அடுத்த வாரம் மூன்றடி. கடைசியில் ஜன்னலில் இருந்து இரண்டு மூன்று அடி தூரத்தில், காலை வெயில் ஒன்றரை இரண்டு மணி நேரம் இலையில் படுகிற இடத்தில் நிற்கட்டும். நீங்கள் கேட்ட மணிக்கணக்குக்கு என் பதில் அதுதான்: இளம்வெயில் இரண்டு மணி நேரம், அதோடு மிச்ச நாள் முழுக்க வான வெளிச்சம். வெயில் மட்டும் இரண்டு மணி நேரம் கொடுத்துவிட்டு மிச்ச நேரம் இருட்டில் வைத்தால் பலன் இல்லை. ஓர் இடம் முடிவானபின் அங்கேயே விடுங்கள். விருந்தாளி வரும்போது இந்தப் பக்கம், திருவிழாவுக்கு அந்தப் பக்கம் என்று நகர்த்துகிற வீடுகளில் ஃபைக்கஸ் தேறி நான் பார்த்ததில்லை.

வருஷத்தில் இரண்டு முறை மட்டும் கொஞ்சம் சரிசெய்ய வேண்டும். ஜூனில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்கியதும் கணவாய் வழியாக மேகம் மூடிக்கொண்டே இருக்கும். வெளியில் வெளிச்சம் குறைந்தால் உள்ளேயும் குறையும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மரத்தை ஜன்னலை ஒட்டியே வைத்துவிடலாம். மேகம் விலகி வெயில் திரும்புகிற செப்டம்பரில் மறுபடி ஒரு அடி உள்ளே. அப்புறம் டிசம்பர், ஜனவரியில் கிழக்கில் இருந்து கணவாய்க்குள் வறண்ட காற்று வீசும், உங்களுக்கே தெரியும். அந்தக் காற்று நேராக உங்கள் கிழக்கு ஜன்னலில்தான் அடிக்கும். இலையின் ஓரமும் நுனியும் பழுப்பாகி மொறுமொறுவென்று சுருண்டால் அது காற்றின் வேலை. அதை வெயில் சுட்டது என்று நினைத்து மரத்தை இருட்டுக்குத் தள்ளிவிடுகிறார்கள், மார்கழியில் எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான். கண்ணாடிக் கதவைச் சாத்துங்கள், மரத்தை நகர்த்த வேண்டாம். ஏசி காற்று நேராகப் பட்டாலும் இதே மாதிரி ஆகும்.

தண்ணீரைச் சொல்லாமல் வெளிச்சத்தை மட்டும் சொன்னால் பதில் பாதிதான். வெளிச்சம் குறைந்த மரம் தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். இலை கொட்டுவதைப் பார்த்ததும் பாவம் என்று தினமும் ஒரு சொம்பு ஊற்றுவார்கள். மண் காயவே காயாது, வேர் மூச்சுத் திணறி அழுகும், அழுகிய வேரால் நீரை ஏற்ற முடியாமல் இன்னும் இலை கொட்டும், இன்னும் ஊற்றுவார்கள். வெளிச்சக் குறைவால் வாடத் தொடங்கிய மரத்தைக் கடைசியில் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியாக வடிகிற அளவுக்கு ஊற்றுங்கள். கீழ்த்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அலங்காரத்துக்காக நர்சரித் தொட்டியை இன்னொரு பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்திருந்தால் வெளியே எடுத்துப் பாருங்கள், அடியில் நாலு விரல் தண்ணீர் நிற்பது சாதாரணம். தொட்டியைச் சற்றுச் சாய்த்து மண்கட்டியோடு இழுத்தால் வேரும் தெரியும். வெளிறிய பழுப்பாக, உறுதியாக இருந்தால் நல்லது. கறுத்து, விரலால் இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்தால், நாற்றமும் அடித்தால், அழுகல். அப்படியிருந்தால் நான் வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் இரண்டாம் பட்சம். அழுகியதை வெட்டி, நீர் வடிகிற புது மண்ணில் மாற்றுவதுதான் முதல் வேலை. இலை பிசுபிசுவென்று ஒட்டினால் காம்படியில் செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ இருக்கிறதா என்றும் பாருங்கள், அதற்கும் இலை கொட்டும்.

நிச்சயமாகச் சொல்ல முடியாத சிலவும் இருக்கின்றன. இலைமேல் தினம் தண்ணீர் தெளித்தால் ஈரப்பதம் கூடும் என்பார்கள். தெளித்தது சில நிமிஷத்தில் ஆவியாகிவிடும், தூசியைக் கழுவும் என்ற அளவில் மட்டும் நல்லது. வாரா வாரம் தொட்டியைத் திருப்ப வேண்டும் என்பதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. மரம் ஜன்னல் பக்கம் சாய்ந்து வளர்வதை அது தடுக்கும் என்பது உண்மை. ஆனால் இலை கொட்டிக்கொண்டிருக்கும் மரத்தைத் திருப்பினால் அது இன்னொரு மாற்றமாகிவிடுமோ என்று சந்தேகப்படுகிறேன். தேறி, புதுத் துளிர் வந்தபின் மாதம் ஒருமுறை கால்சுற்று திருப்பினால் போதும்.

டிவி மூலையை விட்டுக்கொடுக்க மனமில்லையென்றால் இரண்டு வழி. ஒன்று விளக்கு. ஊதா நிற வளர்ப்பு விளக்கெல்லாம் தேவையில்லை. சாதாரண வெள்ளை எல்.இ.டி. பட்டை விளக்கு, 20 வாட், இலைகளுக்கு ஓரடி தூரத்தில் இருந்தால் ஆயிரம் லக்ஸுக்கு மேலேயே தரும். தினம் 12 மணி நேரம் எரிந்தால் மாதம் ஏழு யூனிட் ஆகும். அதே விளக்கு சுவரில், ஆறேழடி தள்ளி இருந்தால் மரத்துக்குப் பயனில்லை, தூரம்தான் எல்லாம். ஐந்தடி மரத்தின் உச்சியில் ஒரு விளக்கு போட்டால் கீழ்க்கிளைகளுக்கு எட்டாது என்பதால், பக்கவாட்டில் செங்குத்தாக நிறுத்தி வைப்பது நல்லது. இன்னொரு வழி, அந்த மூலைக்கு, நர்சரியில் ஜாமியா என்று சொல்லும் இசட்-இசட் செடியோ பாம்புக் கற்றாழையோ வைத்துவிடுவது. அவையும் இருட்டில் வளராது, ஆனால் ஃபைக்கஸை விட நெடுநாள் தாக்குப்பிடிக்கும். உங்களுடையது புது வீடு. வீட்டில் எங்காவது ஓட்டுக் கூரை இருந்து, அதில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு பதித்திருந்தால், அதற்கு நேர் கீழே உள்ள இடத்தையும் பாருங்கள். மேலிருந்து வரும் வெளிச்சம் பக்கவாட்டு வெளிச்சத்தைவிட மரத்தைச் சீராக வளர்க்கும். மத்தியானம் ஒரே இடத்தில் நேர்வெயில் வட்டமாக விழும், அது மட்டும் இலையில் படாமல் அரையடி தள்ளி வையுங்கள்.

புது இடத்துக்கு வந்தபிறகும் இரண்டு மூன்று வாரம் இலை கொட்டும், பயப்படாதீர்கள். உள்பக்கத்துப் பழைய இலைகள் மஞ்சளாகிக் கொட்டினால் அது எதிர்பார்த்ததுதான். நுனித் துளிர்களே கறுத்துக் கொட்டினால் வேரைப் பார்க்க வேண்டும். மொட்டையாகிவிட்ட கிளைகளை உடனே வெட்டாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள்; உள்ளே பச்சையாக இருந்து வெள்ளைப் பால் கசிந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது, அதில் துளிர் வரும். பால் இல்லாமல் உள்ளே பழுப்பாக, வறண்டு இருந்தால் பால் கசிகிற இடம் வரை இறக்கி வெட்டிவிடலாம். பால் கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் படக் கூடாது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில் உரம் எதுவும் போட வேண்டாம். வேலை செய்ய இலை இல்லாத மரத்துக்கு உரம் சுமைதான். புதுத் துளிர் விரிந்து, இலை முழு அளவுக்கு வந்தபின் நர்சரியில் சொல்லும் அளவில் பாதியை மாதம் ஒருமுறை கொடுங்கள்.